சொல்லாமல் எழுந்து வந்தேன்

பிப்ரவரி 14, வெள்ளி. பாம்பன்

துணிப்பையை மூன்று தடவை கட்டி மூன்று தடவை அவிழ்த்தாயிற்று. சுற்றுலா போகிறவளின் பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு நல்ல சேலை, துண்டு, பல்பொடி, தைலம். அடியில் என் வீட்டுக்காரர் இன்னாசிக்கு இரண்டு பனியன். தனியாக வருகிற பொம்பளை பையில் ஆம்பிளைப் பனியன் எதற்கு என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை.

இது படகு முதலாளி சொன்ன வழி. மீன்பிடிக் கேஸ் என்று வாயைத் திறந்தால் ஆயிரம் கேள்வி வரும், நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் கோயில் சுற்றுலா போகிறது, அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டு வா என்றார். அங்கன்வாடியில் லீவு சொல்லிவிட்டேன். பிலோமினா என்று பேரை வைத்துக்கொண்டு நல்லூர் முருகனைப் பார்க்கப் போகிறேன். முருகன் கோவித்துக்கொள்ள மாட்டார், குடும்பக் கஷ்டம் தெரிந்தவர்.

ஊர் எது என்று கேட்டால் கும்பகோணம் என்று சொல்ல வேண்டும். அங்கே கடல் இல்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டு செசிலி வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் வாசலைத் தாண்டிப் போனாள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. போயிட்டு வர்றேன் என்று சொல்லாமல் எழுந்து போக இது என்ன சாவு வீடா? சாவு வீட்டில்தான் வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள். என் புருஷன் யாழ்ப்பாணம் ஜெயிலில் இருக்கிறார், மூன்று வேளை சாப்பிடுகிறார், உயிரோடு இருக்கிறார். பின்னாலேயே போய், தெரு என்றும் பார்க்காமல், "ஏய் செசிலி, சொல்லிட்டுப் போ" என்று கத்தினேன். அவள் பயந்துபோய், "போயிட்டு வர்றேன்க்கா" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

பிப்ரவரி 16, ஞாயிறு. யாழ்ப்பாணம்

கப்பலில் கூட வந்த கும்பகோணத்து மாமிகள் எல்லாரும் வாந்தி. நான் மட்டும் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தேன். ஒரு மாமி, உங்களுக்குத் தலை சுற்றவில்லையா என்று கேட்டபிறகு நானும் கொஞ்சம் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன்.

சுற்றுலா கைடு மைக்கைப் பிடித்து, நாம் போவது வெளிநாடு இல்லை, தொப்புள்கொடி உறவுகளின் ஊர், நம்மைக் கண்டால் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்றார். எல்லாரும் கை தட்டினோம்.

நடுக்கடலில் தண்ணீரின் நிறம் மாறியது. இங்கே எங்கேயோதான் எல்லை. கோடு போட்டா வைத்திருக்கிறார்கள்? இன்னாசி எல்லை தாண்டவில்லை. காற்று தள்ளிக்கொண்டு போய்விட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை பிடிபட்டபோதும் காற்றுதான். அப்போது இனிமேல் வராதே என்று எச்சரித்து விட்டுவிட்டார்கள். இப்போது இரண்டாம் தடவை என்பதால் விட மாட்டார்களாம். காற்றுக்கு யாரும் தண்டனை கொடுப்பதில்லை.

எங்களைப் பிரித்துப் பிரித்துத் தங்கவைத்தார்கள். எனக்குக் கிடைத்தது சிவயோகம் அம்மா என்கிற ரிட்டயர் ஆன டீச்சர் வீட்டு மாடி அறை. கும்பகோணம் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. சின்ன வயதில் அப்பாவோடு வந்து கோயில் கோயிலாகப் பார்த்தாராம், அந்த வெற்றிலையின் வாசம் இன்னும் மறக்கவில்லையாம். நான் கும்பகோணத்தில் பஸ் மாறியிருக்கிறேன், அவ்வளவுதான். ஆமாம்மா, ஆமாம்மா என்று தலையாட்டினேன்.

அவருடைய வீட்டுக்காரர் வரவில்லை. உள்ளே ஒரு கதவு சாத்தியிருந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

நல்லூர், கீரிமலை. குளித்தவர்கள் குளித்தார்கள். நான் கரையில் உட்கார்ந்து எல்லாருடைய பைக்கும் காவல் இருந்தேன்.

திரும்பும்போது நேசன் என்பவரின் ஓட்டோ. தமிழ்நாடு என்றதும் வண்டியை ஓட்டிக்கொண்டே பாதி உடம்பைத் திருப்பிக்கொண்டு பேசினார். மண்டபம் அகதி முகாமில்தான் பத்தாவது வரைக்கும் படித்தாராம். இரவில் போலீஸ் ஆள் கணக்கு எடுக்க வரும் கதை, முகாம் வாசலில் கடன் சொல்லிப் பரோட்டா தின்ற கதை எல்லாம் சொன்னார். கடைசியில் கூலி வாங்க மறுத்தார். மண்டபம் என் வீட்டிலிருந்து பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். அந்தப் பரோட்டாக் கடைக்காரர் பேர்கூட எனக்குத் தெரியும். வாயை இறுக மூடிக்கொண்டேன். நல்ல மனிதரிடம் பொய் சொல்வதுபோல அலுப்பு வேறு கிடையாது.

சாப்பிடும்போது சிவயோகம் அம்மா மெதுவாகச் சொன்னார், அவருடைய வீட்டுக்காரர் இந்தியாக்காரர் வந்தால் அறையை விட்டு வெளியே வர மாட்டார், நான் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது. அமைதிப்படை வந்த வருஷம் வீட்டுக்காரரின் தம்பியை வீதியிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்களாம். திரும்பி வரவில்லை. "உங்களில கோவம் இல்லைப் பிள்ளை. அந்தக் குரலைக் கேக்க ஏலாது அவருக்கு. நீங்கள் மெல்லமாக் கதைச்சாப் போதும்."

ராத்திரி முழுக்க இருமல்கூட அடக்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

தலைவலி என்று கைடிடம் சொல்லிவிட்டு, முதலாளி ஏற்பாடு செய்த வக்கீலோடு ஜெயிலுக்குப் போனேன்.

இளைத்திருக்கிறார். தாடி வெள்ளையாக முளைத்திருக்கிறது. இவருக்கு இவ்வளவு நரை எப்போது வந்தது? பனியனை வாங்கிக்கொண்டார். சாப்பாடு எப்படி என்றேன், காரம் ஜாஸ்தி என்றார். அம்மா முட்டிவலி, கூரையில் ஒழுகுகிற இடம், எல்லாம் கேட்டார். நேரம் முடியப்போகிறது என்று காவலர் கையைக் காட்டினார்.

அப்போது கம்பியை ஒட்டிக்கொண்டு அவர் ஒன்று சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன்.

"யார்ட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"வக்கீல்ட்ட?"

"ஒன்ட்டதான் சொல்றேன் பிலோமி. தூக்கம் வர மாட்டேங்குது."

"இனி வாயைத் திறக்காதீங்க. செத்தாலும் திறக்காதீங்க" என்றேன். தலையை ஆட்டினார். சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோலப் பேசிவிட்டேன்.

வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. வழியில் சோடா வாங்கிக் குடித்தேன்.

பிப்ரவரி 19, புதன்

வக்கீல் நல்ல மாதிரி. ஆனால் நல்ல செய்தி ஒன்றும் அவரிடம் இல்லை. இரண்டாம் தடவை பிடிபட்ட படகோட்டி என்பதால் எப்படியும் தண்டனை உண்டு. அதைவிடப் பெரிய தலைவலி, இவர் பிடிபட்ட அன்றைக்கு இரவு தீவுப் பக்கம் ஒரு மீனவர் சின்னப் படகில் போய்த் திரும்பி வரவில்லை. அமலதாசன் என்று பேர். படகு இரண்டு துண்டாகப் பாறைத் திட்டில் ஒதுங்கியிருக்கிறது. ஆள் கிடைக்கவில்லை. அந்த ஊர் மீனவர் சங்கம், இந்திய இழுவைப்படகு மோதித்தான் என்று சொல்கிறது. பிடிபட்டவர்களில் யார் என்று போலீசுக்குத் தெரியவில்லை.

வேறு ஏதாவது படகாக இருக்கும். அன்றைக்கு எத்தனையோ படகு போயிருந்தது.

திங்கட்கிழமை வழக்கு வருகிறது. அமலதாசனின் மனைவி கோர்ட்டில் வந்து, எனக்கு இவர்கள்மேல் சந்தேகம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் சங்கம் அடங்கும், மீன்பிடிக் குற்றத்தோடு போய்விடும், சில மாதத்தில் வீட்டுக்கு வந்துவிடுவார் என்கிறார் வக்கீல். சொல்லாவிட்டால்? அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நாளைக்கு அந்தக் கரைக்குப் போகிறேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

நேசன் ஓட்டோவில் போனேன். கருவாடு வாங்க வேண்டும் என்று சொன்னேன். கும்பகோணத்துக்காரிக்குக் கருவாட்டு ஆசை இருக்கக் கூடாதா என்ன?

கரை எங்கள் கரை மாதிரியே இருந்தது. அதே வாடை, அதே நாய்கள், அந்தோணியார் சுரூபம், மணலில் விரித்துக் காயப்போட்ட வலை. ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து கருவாடு பிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரித்த முகமாகத்தான் வரவேற்றார்கள். எந்த ஊர் என்றார்கள், கும்பகோணம் என்றேன். கோயில் பார்க்க வந்த அம்மா என்று ஒருத்தி பாய் எடுத்துப் போட்டாள். அவர்களிடம் போக வேண்டுமென்றால் வலையைத் தாண்ட வேண்டும்.

தாண்டினேன். பாயில் போய் உட்கார்ந்தபிறகுதான் பார்த்தேன், எல்லாரும் கையை நிறுத்திவிட்டு என் கையைப் பார்க்கிறார்கள். என் இரண்டு செருப்பும் என் கையில் இருந்தன.

பிறந்ததிலிருந்து அப்படித்தான். வலைமேல் செருப்புக் கால் பட்டால் எங்கள் ஊரில் விளக்குமாறு வரும். கழற்றியது எனக்கே தெரியாது.

கிழவி ஒருத்தி எழுந்தாள். "வலையைக் கண்டு செருப்பைக் கழட்டுறவ கோயில் பாக்க வந்தவ இல்லை. நீ ரோலர்க்காறற்ற ஆள். ராமேஸ்வரமோ, பாம்பனோ?"

ரோலர் என்று அவர்கள் சொல்வது எங்கள் இழுவைப்படகைத்தான். நான் செருப்பைச் சேலைக்குள் மறைத்தேன். அதுவே போதுமாக இருந்தது. ஆளுக்கொரு பக்கம் பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி ஓடிப்போய் அறுந்த வலை ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். யுத்தம் முடிந்து, புருஷனும் பெண்டாட்டியும் கல் சுமந்து வாங்கிய வலையாம். ஒரே இரவில் இப்படி. இதற்கு யாரிடம் போய் அழுவது, இந்தியாவிடமா என்று கேட்டாள். நேவி அடித்தால் உங்கள் ஊரே மறியல் செய்கிறது, எங்கள் வலையை நீங்கள் அறுத்தால் யார் மறியல் செய்வது என்று இன்னொருத்தி கேட்டாள். கிழவி மட்டும் சத்தம் போடாமல் பேசினாள். "தொப்புள்கொடி, தொப்புள்கொடி எண்டு உங்கட ஆக்கள் மேடையில சொல்லுவினம். வலையை அறுக்கேக்க அந்தக் கொடி கண்ணுக்குத் தெரியிறேல்லையோ?"

நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் கடலை வழித்துத் துடைத்தாகிவிட்டது, மீன் எங்கே இருக்கிறதோ அங்கேதானே போவான், என் புருஷனுக்கு என்ன சொந்தப் படகா என்று கேட்டிருக்க வேண்டும். வீட்டில் இதையெல்லாம் சத்தம்போட்டுப் பேசியவள்தான். அங்கே மடியில் கிடந்த வலையின் அறுந்த கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் வந்து என் தோளைத் தொட்டாள். முப்பது வயது இருக்கும். பூப்போட்ட வீட்டுச் சட்டை, நெற்றியில் வியர்வை. "விடுங்கோ மாமி. என்னோட வாங்கோ அக்கா, தேத்தண்ணி குடிப்பம்" என்றாள். அவள்தான் யசிந்தா. அமலதாசனின் மனைவி.

தகரக் கூரை போட்ட ஒரு அறை வீடு. மூன்று வயதுப் பெண் குழந்தை. தேத்தண்ணி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஏறக்குறைய எல்லாவற்றையும். என் புருஷன் ஜெயிலில் இருக்கிறார், படகோட்டி, அன்றைக்கு இரவு பிடிபட்டவர்களில் ஒருவர்.

அவள் முகம் கறுக்கவில்லை. பிரகாசமானது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"அப்ப அண்டைக்கு அங்க நிண்டவரோ? என்ர மனுசனை ஆரும் ஏத்திக்கொண்டு போனதைக் கண்டவரோ?"

அவள் நினைத்துக்கொண்டிருப்பது இது: படகு உடைந்ததும் ஏதோ இந்தியப் படகு அவனைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அங்கே எல்லை தாண்டியவன் என்று ஜெயிலில் போட்டிருக்கிறார்கள். இங்கே உங்கள் ஆட்களைப் போடவில்லையா, அதைப்போல. ஆள் கிடைக்கவில்லை என்றால் ஆள் இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? ஊரில் எல்லாரும் பூசை வைக்கச் சொல்கிறார்கள், இவள் வைக்கவில்லை. குழந்தை ஓடிவந்து, "அப்பா இந்தியாவில" என்று எனக்குச் சொன்னது. அங்கே சொக்லேற் இருக்கிறதா என்று கேட்டது.

"இருக்குடா கண்ணு" என்றேன்.

"காணேல்லையோ அக்கா, உங்கட மனுசன்?" என்று யசிந்தா மறுபடியும் கேட்டாள்.

"ஒரே இருட்டாம். எதையும் பாக்கலையாம்" என்றேன்.

சரி என்றாள். குழந்தையை மடிக்கு இழுத்துக்கொண்டு அவளாகவே சொன்னாள். "திங்கட்கிழமை நான் கோட்டுக்கு வாறன் அக்கா. உங்கட மனுசனில எனக்கு ஒரு குறையும் இல்லை எண்டு சொல்லுறன். அங்க என்ர மனுசனுக்கும் ஆராவது ஒருத்தி அப்பிடிச் சொல்லவேணும். நீங்கள் போனாப் பிறகு மறியல்வீடுகளில விசாரிப்பியளோ?"

ஜெயில் ஜெயிலாக விசாரிக்கிறேன் என்றேன். போயிட்டு வர்றேன் என்று சொல்லி எழுந்தேன். "ஓம், போட்டு வாங்கோ" என்றாள். சனிக்கிழமை வரச் சொன்னாள், அவனுக்குக் கொடுத்துவிட உடுப்பு எடுத்து வைப்பாளாம்.

நான் வந்த காரியம் முடிந்துவிட்டது. வாய் விட்டுக் கேட்காமலே கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும்.

பிப்ரவரி 21, வெள்ளி

கையைத் தூக்கினானாம்.

பிப்ரவரி 22, சனி

நயினாதீவுக்குப் போகிறவர்களோடு நான் போகவில்லை. கைடுக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. வந்தால் வரட்டும்.

பிலோமினா, உன் வேலையைப் பார், பையை வாங்கிக்கொண்டு வா, கப்பல் ஏறு, திங்கட்கிழமை அவள் சொல்லப்போவதைச் சொல்லட்டும் என்று வழிநெடுக எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். விசாரிப்பது ஒன்றும் பொய் இல்லையே. புழல் ஜெயிலுக்குப் போய்க் கேட்கத்தான் போகிறேன். இப்படி ஒரு ஆள் இருக்கிறானா என்று கேட்பேன். இல்லை என்பார்கள். அதை எழுதிப் போடுவேன். அதில் என் தப்பு என்ன?

யசிந்தா தலை வாரி, புது வீட்டுச் சட்டை போட்டிருந்தாள். எனக்காக நண்டுக்குழம்பு வைத்திருந்தாள். எந்த வீட்டில் எந்த நண்டைச் சாப்பிடுகிறேன் என்று தெரிந்தே சாப்பிட்டேன். நல்ல ருசி. கரையில் இப்போது அவளைத் திட்டுகிறார்களாம், ரோலர்க்காரிக்குச் சோறு போடுகிறவள் என்று. சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பிறகு பையைக் கொண்டுவந்தாள். துவைத்து மடித்த இரண்டு கைலி, ஒரு சட்டை, ஒரு சோப்பு, ஒரு சின்ன செபமாலை. சட்டையை எடுத்து விரித்துக் காட்டினாள். தோளில் தையல் விட்டிருந்ததை நேற்று ராத்திரி தைத்தாளாம். அங்கே போனபிறகு மெலிந்திருப்பார், பெரிதாக இருக்குமோ என்று கவலைப்பட்டாள். என் புருஷன் மெலிந்துவிட்டாரா என்று கேட்டாள். ஆமா, ரொம்ப மெலிஞ்சுட்டாரு என்றேன். அது ஒன்றுதான் நான் அந்த வீட்டில் முழுசாகச் சொன்ன உண்மை.

குழந்தை ஒரு காகிதத்தில் வட்டம் வட்டமாகக் கிறுக்கி, அப்பாவுக்கு என்று பைக்குள் திணித்தது.

பையை எடுத்துக்கொண்டேன். எழுந்தேன். யசிந்தாவின் கையை ஒரு தடவை பிடித்து விட்டேன். தலையைக் குனிந்துகொண்டு வாசலைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, வேலிப் படலைத் திறந்தேன்.

"அக்கா."

திரும்பினேன். யசிந்தா வாசல்படியில் நின்றாள்.

"சொல்லாமப் போறியள்."

என்னவென்று முதலில் புரியவில்லை. புரிந்ததும் படலைப் பிடித்துக்கொண்டேன். வியாழக்கிழமை சொல்லிவிட்டுத்தான் போனேன். இன்றைக்கு, எழவு வீட்டிலிருந்து எழுந்து வருகிறவள் மாதிரி, கையைத் தொட்டுவிட்டு, வாய் பேசாமல், குனிந்த தலையோடு வந்திருக்கிறேன். செருப்பைக் கழற்றியதுபோலத்தான். எனக்கே தெரியாது.

"சொல்லிப்போட்டுப் போங்கோ" என்றாள். செசிலியிடம் நான் கத்தியதும் இதைத்தானே?

இரண்டு வார்த்தை. ஊரில் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிற இரண்டு வார்த்தை. வாயைத் திறந்தேன். வரவில்லை. சொல்லிவிடு, சொல்லிவிடு, உன் புருஷன் அங்கே கம்பிக்குள்ளே இருக்கிறான் என்று மனசு அடித்துக்கொண்டது. அப்படியும் வரவில்லை.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம். பிறகு இறங்கி வந்து, என் கையிலிருந்த பையை அவளே வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை. கனமான பையைப் பெரியவர்களிடமிருந்து வாங்குவதுபோல வாங்கிக்கொண்டாள். உள்ளே போனாள்.

குழந்தை மட்டும் கையசைத்துக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. மத்தியானம் நேசன் வந்து கீழே சிவயோகம் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது மாடிக்குக் கேட்டது. தீவுப் பக்கக் கோயிலில் காலையில் சாவு மணி அடித்தார்களாம். இத்தனை நாள் வேண்டாம் என்றிருந்தவள், அவளாகவே சாமியாரிடம் போய் அடிக்கச் சொன்னாளாம்.

நாளைக்குக் கோர்ட்டுக்கு அவள் வராமல் இருக்க வேண்டும் ஆண்டவரே. வந்தாலும் ஒன்றும் கேட்காமல் இருக்க வேண்டும். இப்படியும் ஒரு ஜெபமா என்று எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஆனால் இதைத்தான் ஜெபித்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

வழக்கு மேல்கோர்ட்டுக்குப் போகிறது. இனி மீன்பிடிக் கேஸ் இல்லை. எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டதற்கு வக்கீல் பைலைக் கட்டிக்கொண்டு நடந்து போய்விட்டார். முதலாளிக்குப் போன் செய்தேன். நான் சொன்னதைக் கேட்டதும் வைத்துவிட்டார்.

நடந்தபடி எழுதுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு நானே இதை வேறு மாதிரி மாற்றிக்கொள்வேன். எனக்கு என்னைத் தெரியும்.

கோர்ட் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யசிந்தா வந்தாள். கறுப்புச் சேலை. குழந்தை இடுப்பில். சங்கத்து ஆட்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அவள் நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை, எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எந்தப் பக்கம் அக்கா? பூப் போட வேணும்."

இன்னாசியின் குரல் காதுக்குள் கேட்டது. சொன்னேன். "நெடுந்தீவு வெளிச்சம் வலது கைப் பக்கம் தெரிஞ்சுச்சாம். நேவி தொரத்துனதால லைட்டை அணைச்சுட்டு ஓடிருக்காங்க. டொம்முனு ஒரு சத்தமாம்."

"கண்டவரோ?"

இல்லை என்று சொல்ல இன்னும் நேரம் இருந்தது. ஒரே இருட்டாம் என்று வியாழக்கிழமை சொன்னதையே மறுபடி சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருக்க மாட்டாள், ஆனால் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"கண்டாரு. தண்ணிக்குள்ள கையைத் தூக்கினாராம் ஒங்க வீட்டுக்காரரு. இவரு திருப்பல. நேவி பின்னால வந்துச்சு, திருப்பல."

அவள் அழவில்லை. குழந்தையின் கவுனை முழங்காலுக்கு இழுத்துவிட்டாள். இழுத்த இடத்தையே மறுபடி மறுபடி இழுத்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். நீதிபதி அவளைக் கேட்டபோது, பக்கத்திலிருந்த சங்கத் தலைவரை விலக்கிவிட்டு அவளே பேசினாள். எனக்கு இவரில் கோபம் இல்லை என்று சொல்லத்தான் வர இருந்தேன், இப்போது ஒன்றே ஒன்று கேட்க வேண்டும், கண்டவரா என்று அவரைக் கேளுங்கள் ஐயா, அவ்வளவுதான் என்றாள். வக்கீல் எழுந்து, பதில் சொல்ல வேண்டியதில்லை என்று இன்னாசியைப் பார்த்துச் சொன்னார்.

கூண்டிலிருந்து இன்னாசி என்னைத் தேடினார். கண்டுபிடித்தார். செத்தாலும் வாயைத் திறக்காதீர்கள் என்று சொன்னவள் நான்தான். அந்தப் புதுப் பனியனைப் போட்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கேட்காமல் ஒரு சட்டைகூட எடுக்காத மனுஷன். இப்போதும் கேட்கிறார். பத்து வருஷமோ பதினைந்து வருஷமோ, அதை என் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யப் போகிறார்.

நான் தலையசைத்தேன்.

"பாத்தேன் ஐயா" என்றார். அதற்குப் பிறகு கம்பியில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. பாவி, நான்தானே சொல்லச் சொன்னேன்.

எல்லாம் முடிந்து வராந்தாவுக்கு வந்தேன். அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். கைடு மூன்று தடவை போன் அடித்தார். நாளைக்குக் காலையில் கப்பல். சங்கத்து ஆட்கள் என்னைக் கடந்து போனார்கள். கரையில் என்னைக் கண்டுபிடித்த கிழவி மட்டும் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

கடைசியாக யசிந்தா வந்தாள். இனி என்ன கேட்டாலும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று எழுந்து நின்றேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். படியில் இறங்கப் போனவள் திரும்பினாள்.

"போட்டு வாறன் அக்கா" என்றாள்.

சரி, வாங்க என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.